சூடாக்காத கால்

கிளார்க் கேட்டது இரண்டு பக்கம். "நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்க மேடம், மலர்ல போட்டோவோட போட்டுடலாம்" என்றார். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்களுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு மலர் போடுகிறார்கள். நரம்புப் பிரிவின் டெக்னீஷியனைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை என்று எல்லாருமாக முடிவுகட்டிவிட்டார்கள். பதினேழு வருடம் அதே அறையில் நரம்பு டாக்டராக வேலை பார்த்தவள் நான்தானே. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். நான்காவது முறை எழுதியது இது. இதை மலரில் போடமாட்டார்கள், தெரியும். பரவாயில்லை. இதன் நகல் ஒன்று சூப்பரின்டெண்டென்ட் மேஜைக்கு இன்று காலையே போய்விட்டது.

அவரை எல்லாரும் கரண்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனுக்கே ஒரு நிமிடம் ஆகும். எலக்ட்ரீஷியனுக்கு எடுபிடியாக இந்த ஆஸ்பத்திரிக்குள் வந்தவர். நரம்பு வேகம் பார்க்கும் மெஷின் ஒரு நாள் படுத்துக்கொண்டபோது, கம்பெனி ஆள் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இவர் பின்பக்கத்தைத் திறந்து ஒரு வயரை மாற்றி ஓடவைத்துவிட்டார். அப்போதிருந்த பெரிய டாக்டர், "பிரிச்சது நீதானே, நீயே ஓட்டு" என்று சொல்லி, படிக்க அனுப்பி, சான்றிதழும் வாங்கவைத்து அங்கேயே உட்காரவைத்தார். முப்பத்தோரு வருடம் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. நடுவில் ஒரு வருடம் தவிர. அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். காலிலும் கையிலும் பட்டன் மாதிரி இரண்டு ஒட்டுகளை ஒட்டி, ஓரிடத்தில் சின்னதாக ஷாக் கொடுத்து, அது நரம்பு வழியாக எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்ப்பது. ஷாக் என்றதும் ஆட்கள் வெடவெடத்துப் போவார்கள். "முதல்ல சின்னக் கொசு. அப்புறம் கொஞ்சம் பெரிய கொசு. கடைசியா ஒரு கட்டெறும்பு, அவ்வளவுதான்" என்பார். கட்டெறும்பு கடித்தபிறகு, "இது கட்டெறும்பா, தேளா?" என்று திட்டாதவர்கள் கிடையாது. "தேளுக்குத் தனியா சீட்டு வாங்கணும்" என்று சொல்லி அதற்கும் சிரிக்கவைத்துவிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம். ஆள் படுத்ததும் புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு தெர்மாமீட்டர் ஒட்டுவார். முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் மெஷினைத் தொடமாட்டார். குளிர்ந்த காலில் நரம்பு மெதுவாகத்தான் ஓடும். நல்ல நரம்பும் நோய் வந்ததுபோலக் காட்டும், நோய் வந்த நரம்பு குளிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் மூலையில் ஒரு கெட்டில், இரண்டு ரப்பர் பை, ஒரு பழைய கம்பளித் துண்டு. வெந்நீர்ப் பையைக் காலில் கட்டி அரைமணி, முக்கால் மணி உட்காரவைப்பார். வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் முணுமுணுக்கமாட்டேன், கத்துவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "வீட்லயும் இதே பாடுதான் மேடம். தூங்கறப்ப எல்லார் காலையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுக்கறார். வந்த மாப்பிள்ளை பயந்தே போயிட்டார்."

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். வெளியே நாற்பது பேருக்கு மேல். தையல்காரம்மா ஒருவர் வந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது, மெஷின் பெடலை மிதிப்பது தெரியவில்லை, மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடிக்கவேண்டியிருக்கிறது என்றார். சர்க்கரை லேசாக இருந்தது. 'சர்க்கரைக் கால்' என்று என் மனது அப்போதே ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டது. சுத்தியலால் முட்டியில் ஒழுங்காகத் தட்டிப் பார்த்தேனா என்று இன்றைக்கும் நினைவில்லை. தட்டியிருந்தால் நினைவிருக்கும். டெஸ்ட்டுக்கு அனுப்பினேன்.

மழையில் நடந்து வந்த கால். மெஷினுக்காக அந்த அறையில் ஏசி வேறு எப்போதும் ஓடும். அன்றைக்குக் கெட்டில் பழுது, வெந்நீர் கேன்டீனிலிருந்து வரவேண்டும். இருந்த இரண்டு பையும் வேறு இரண்டு பேர் காலில். "ரொம்ப நேரமா ஆள் காத்திட்டிருக்காங்க, முதல்ல எடுத்து வைங்க" என்று வாசலில் நின்று சத்தம் போட்டதும் நான்தான். எடுத்தார். எடுத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"கால் இருபத்தேழு டிகிரிதான் இருக்கு டாக்டரம்மா. வேகம் இருபத்திரண்டு காட்டுது."

"குளிர்ல குறையும்தானே?"

"குறையும். ஒரு டிகிரிக்கு ரெண்டு குறையும்னு வச்சாலும் அஞ்சு டிகிரிக்குப் பத்து. நாப்பது ஓடவேண்டிய நரம்பு முப்பது கிட்டயாவது காட்டணும். கணக்கு உதைக்குது. சூடு பண்ணித் திரும்ப எடுக்கறேன், முக்கால் மணி குடுங்க."

மணி மூன்று. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரணம் பெரிதாக இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. பசி. அவ்வளவுதான் காரணம்.

"முக்கால் மணியெல்லாம் முடியாது அண்ணே. சர்க்கரை, அதுமேல குளிர். அப்படியே அடிங்க, நான் கையெழுத்துப் போடறேன். அடுத்த ஆளை அனுப்புங்க."

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். பிறகு 'குளிர்ச்சியால் வேகக் குறைவு. சர்க்கரையும் காரணமாகலாம்' என்று அடித்து, கீழே தன் இனிஷியலைப் போட்டு நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்தம்மாவிடம், "சாக்ஸ் போட்டுக்கோங்க, சர்க்கரையைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். கால் இரண்டும் எழவில்லை. கையில் ஊசி பிடிக்க முடியவில்லை. இந்தமுறை சுத்தியலை எடுத்துத் தட்டினேன். முட்டி, கணுக்கால், முழங்கை, எங்குமே ஒரு துள்ளல் இல்லை. கரண்ட் அண்ணன் கெட்டிலைப் போட்டார். நாற்பது நிமிடம் பையைக் கட்டி, முப்பத்துமூன்று டிகிரி வந்தபிறகு எடுத்தார். வேகம் பதினான்கு. திரையை என் பக்கம் திருப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் புரதம் எக்கச்சக்கம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்பையே தாக்குகிற வியாதி. மகளுக்கு அதைப் புரியவைத்தது நான் அல்ல, அவர்தான். "வயர் தெரியும்ல பாப்பா? உள்ள கம்பி, மேல உறை. வீட்டுக் காவக்காரனே திருடன்னு நினைச்சு அந்த உறையை உரிச்சுட்டான். கம்பி நல்லா இருந்தா உறை திரும்ப வளர்ந்துடும். மருந்து இருக்கு."

"கம்பியும் போயிருந்தா?" என்று கேட்டாள் மகள்.

"ரொம்ப நாள் உறை இல்லாம இருந்தா கம்பியும் கொஞ்சம் போகும்மா" என்றார்.

மகள் கெட்டிக்காரி. பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்தாள். "எட்டு மாசம் முன்னாடி இதே ரூம்ல, இதே மெஷின்ல பாத்தீங்களே. அப்ப ஏன் தெரியல?"

மறுநாள் சூப்பரின்டெண்டென்ட் அறையில், மகளின் புகாரோடு அந்தக் காகிதம் மேஜைமேல் கிடந்தது. இரண்டு பேரும் நின்றோம். அவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கரண்ட் அண்ணன் பேசிவிட்டார். "நான்தான் சார். காலைச் சூடாக்காம எடுத்துட்டேன். டாக்டரம்மா பேப்பர்ல என்ன இருந்துதோ அதைத்தான் பாத்தாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?"

மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது, காகிதம் பறக்காமலிருக்க வைப்பது. அதற்குள் ஒரு நீலப் பூ. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ரிப்போர்ட்ல அப்படித்தான் இருந்துச்சு சார்."

அது பொய் இல்லை. அதில்தான் கேவலமே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக்கூடக் கொஞ்சம் சோறாவது வேண்டும். எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

வராண்டாவில் அவரை நிறுத்தி, "ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்று சண்டைக்குப் போனேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, பாருங்கள்.

"உங்க மேல விசாரணைன்னு ஒரு மாசம் உக்காரவச்சா இங்க வேற நரம்பு டாக்டர் யாரு இருக்கா? அதுக்குள்ள அந்தம்மாவுக்கு மூச்சும் போயிடும். முதல்ல மருந்தைப் போடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." இரண்டடி போனவர் திரும்பினார். "நானும் சும்மா ஒண்ணும் பழியை ஏத்துக்கல. இத்தனை வருஷமா குளிர்ந்த காலைப் பாக்கறவன் நான். நீங்க சொன்னா நான் அடிச்சிருக்கணுமா? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல."

அப்புறம் பேசிக்கலாம். அந்த 'அப்புறம்' ஆறு வருடம் வரவேயில்லை.

அவருடைய பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். ஒரு வருடம் பழைய கேஸ் ஷீட்டுகள் கிடக்கும் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. மெஷினுக்கு வேறொருவரைப் போட்டார்கள். அவருக்குக் கெட்டிலும் தெரியாது, பையும் தெரியாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் அண்ணன் மூச்சுவாங்க இரண்டு மாடி ஏறி வந்து, வரிசையில் இருப்பவர்களின் காலைத் தொட்டுப் பார்த்து, யாருக்குப் பை கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அப்போதெல்லாம் அவசரமாக வேறு வார்டில் வேலை வந்துவிடும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் பழி கீழே ரெக்கார்டு ரூமில் இருந்தது, பாவம் மூன்றாம் மாடியில் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸ் போனது.

மருந்து வேலை செய்தது. அதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன். மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். பன்னிரண்டாம் நாள் தையல்காரம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து என் கோட்டு பட்டனைப் பிடித்துத் திருகினார். "நூல் தொங்குது டாக்டரம்மா, ஊசி குடுங்க" என்றார். வார்டே கைதட்டியது. மூன்றாம் மாதம் கோல் பிடித்து நடந்தார். ஆனால் வலது பாதம் எழவேயில்லை. அங்கே கம்பி போய்விட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்திருந்தால் போயிருக்காது என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சத்தியம் செய்யாது. நான் செய்வேன். இப்போது இடது காலால் மோட்டார் மெஷின் ஓட்டுகிறார். வியாதி திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் படுத்து மருந்து ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

அந்த நாளில், அவர் கட்டிலின் கால்மாட்டில் வெந்நீர்ப் பையுடன் கரண்ட் அண்ணன் நிற்பார். டெஸ்ட்டே இல்லாத நாளிலும் நிற்பார். "இப்ப எதுக்குண்ணே இது?" என்று தையல்காரம்மா கேட்பார். "ஒரு நாள் விட்டதுக்கு வட்டி" என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் இதெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நீ போய்ச் சொல்லிட்டா என்ன ஆகும்?" என்று ஒரு நாள் கேட்டார். வேலை போகலாம், பெயர் போகும், அந்தம்மா என்னிடம் வருவதை நிறுத்திவிட்டால் அவர் உடம்பு என்ன ஆவது என்று பத்து காரணம் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்து காரணம் சொல்றவங்ககிட்ட ஒரு காரணமும் இருக்காது" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

போன வாரம் கிளார்க் மறுபடி வந்தார். மலரில் நோயாளி ஒருவரின் வார்த்தையும் இருந்தால் நன்றாயிருக்கும், தையல்காரம்மாதான் அண்ணனுக்கு ரொம்ப வேண்டியவராயிற்றே, கேட்டு வாங்கிக் கொடுங்கள் என்றார். காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் அண்ணன் பையில் தண்ணீர் மாற்றக் கெட்டிலைத் தேடிப் போயிருந்தார்.

"அண்ணன் ரிட்டயர் ஆகறார். அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

அவர் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார். "என்ன எழுதப்போறீங்க? உங்க ஆஸ்பத்திரிப் பேப்பர்படி பாத்தா, என் காலைக் கெடுத்தவர் அவர்தானே."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. "அவர் இல்லைம்மா" என்றேன். "சூடு பண்ணித் திரும்ப எடுக்கறேன்னு அவர் சொன்னார். வேண்டாம்னு சொன்னது நான்."

அவர் திடுக்கிடவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்."

"அண்ணன் சொன்னாரா?"

"அவர் எங்க சொல்றார்? நான் அந்தக் கட்டில்லதானே படுத்திருந்தேன். கால்தான் டாக்டரம்மா மரத்துப்போயிருந்துச்சு. காது நல்லாத்தான் கேட்டுச்சு."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கேட்டிருக்கலாமே" என்றேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், அவரைத் திருப்பிக் கேட்கிறேன்.

"எப்படிக் கேக்கறது? என் காலு உங்க கையில இருந்துச்சு. கோவிச்சுக்கிட்டு மருந்தை நிறுத்திட்டீங்கன்னா நான் எங்க போவேன்? அண்ணன் என் முன்னாடி வந்து தப்பு என்னுதுன்னு நின்னப்பவே சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. அவருக்குப் பொய் சொல்லவே வரல. ஒரு நாள் அவர்கிட்டயே கேட்டேன், ஏண்ணே இப்படின்னு. அவங்களே சொல்வாங்கம்மா, கொஞ்சம் பொறுங்கன்னார்." ஊசி இல்லாத கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னிக்கு நூத்தி மூணாவது தடவை வந்திருக்கேன். மக நோட்டுல எழுதி வைக்கறா. ஒவ்வொரு தடவையும் நீங்க கதவைத் திறக்கறப்ப, இன்னிக்குச் சொல்லிடுவாங்கன்னு நினைப்பேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேப்பீங்க. நான் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். போயிடுவீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை அவ்வளவு சின்னது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவர் பேர்ல இருக்கற சிவப்பு மையை முதல்ல அழிங்க" என்றார்.

கரண்ட் அண்ணன் கெட்டிலோடு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், அந்தம்மா முகத்தைப் பார்த்தார். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் அந்த வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஆயிடும்னு நினைச்சேன்" என்றார். "பன்னண்டு நாள் மிச்சம் இருக்கு. பையைப் பிடிங்க, தண்ணி ஊத்தறேன்."

பிடித்தேன். கொஞ்சம் வெந்நீர் என் விரலில் கொட்டியது. அவர் கம்பளித் துண்டை என்னிடம் நீட்டினார். முதன்முதலாக அந்தக் காலில் நான் பையைக் கட்டினேன். நாற்பது நிமிடம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.